எதிர் வீட்டு மின்சாரம்

ஞானதுரை இறந்துபோனதில் ஹரிதா என்கிளேவ் குடியிருப்பில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை. எந்த மின்சாரத்தில் இறந்தார் என்பதில்தான் வருத்தம்.

நான்காம் மாடியில் வலது பக்கத்து வீடு அவருடையது. விடியற்காலையில் நெஞ்சில் மிச்சமிருந்த காற்றை வெளியே விட்டுவிட்டு அவர் அடங்கியபோது, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் விசிறி. இடது பக்கத்து வீட்டுக்காரர் தேவநாதன் அழுகைச் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். கதவில் பதித்திருந்த கண்ணாடித் துளை வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு போய்ப் பல் தேய்த்தார். தேய்க்கும்போது எதிரே கண்ணாடியில் தெரிந்த முகம் அவருக்கே பிடிக்கவில்லை. அதில் புதிதாக ஒன்றுமில்லை. சின்ன வயதிலிருந்தே அந்த முகத்தோடு அவருக்கு ஒத்துப்போனது கிடையாது.

துக்கம் விசாரிக்கப் போயிருக்கலாம். ஆனால் அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நிலக்கரி வீட்டுச் சாதனங்கள் எதையும் பொது மின்சாரத்தில் இணைக்கக் கூடாது என்ற விதியை எழுதிக் கொடுத்ததே அவர்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில், கேட்டு வந்தவர்களுக்கு ஏன் பணம் கிடையாது என்று காரணம் எழுதும் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்த மனிதர். ஓட்டையில்லாமல் ஒரு விதி எழுதுவது அவருக்குச் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி.

நாட்டு நடப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் அனல் நிலையம், அணு நிலையம், அணைக்கட்டு, காற்றாலை, சூரியத் தகடு என்று எங்கே பிறந்தாலும் மின்சாரம் ஒரே கம்பியில் வந்து விழும். எது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. பல்பு எரிந்தால் போதும். பிறகு, மின்சாரம் புறப்படும் இடத்திலேயே அதன் அலையில் ஒரு ரேகையைப் பதித்து அனுப்பலாம் என்று கண்டுபிடித்தார்கள். நம் கைரேகை மாதிரி. எத்தனை ஊர் தாண்டினாலும் அழியாது. வீட்டு வாசலில் உள்ள ரேகை மீட்டர் அதைப் படித்துப் பார்த்து, அந்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த ரேகையை மட்டும் உள்ளே விடும். புகை கக்கும் நிலையங்களை மக்களே பார்த்து ஒதுக்கட்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. மக்கள் நிலையங்களை ஒதுக்கினார்கள். பழகிய கை ஆயிற்றே, கையோடு ஆட்களையும் ஒதுக்கினார்கள்.

பத்தே வருஷத்தில் மேல் கீழ் எல்லாம் தயார். உச்சியில் நீர் லைன். மலையில் அபிஷேகம் ஆகி இறங்கி வருகிற மின்சாரம் என்று அவர்களுக்கு ஒரு மிதப்பு. அடுத்து சூரியன். அடுத்து காற்று. தரையில் நிலக்கரி. கல்யாண விளம்பரங்களில் 'சூரிய லைன் குடும்பம், காற்றும் சம்மதம்' என்று போட்டார்கள். மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் லிஃப்ட்டுக்கும் ரேகைப் பூட்டு வந்தது. ஆகாத ரேகை உள்ளே வந்தால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஒரு மிக்ஸிக்கு இருக்கிற ஆசாரத்தைப் பார்த்துக் காற்று லைன்காரரான தேவநாதனே சில சமயம் கூச்சப்பட்டதுண்டு.

காலை ஒன்பது மணி வாக்கில் ஃப்ரீசர் பெட்டி வந்தது. ஞானதுரையின் மகள் ஜெபக்கனி அயர்லாந்தில் நர்ஸ். விமானம் பிடித்து வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதுவரை உடலை வைத்திருக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயில். ஐஸ் கட்டி வைத்தால் சாயங்காலம் வரை தாங்காது. வீட்டில் இறந்தவரைப் பிணவறையில் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். பெட்டிக்காரர் வீரபாபு இன்னொரு ஆளோடு சேர்ந்து நாலு மாடியும் படியேற்றிக் கொண்டுவந்து வைத்து, பிளக்கைச் செருகினார். பெட்டி ஒரு தடவை உறுமியது. சிவப்பு விளக்கைக் காட்டியது. அடங்கிவிட்டது.

வீரபாபு வெளியே வந்து விளக்கம் சொன்னபோது தேவநாதன் தன் வாசலில் பேப்பர் எடுக்கிற பாவனையில் குனிந்திருந்தார். பெட்டி நல்ல பெட்டிதானாம். ஆனால் வாடகைக்கு எடுக்கிற வீடுகளில், இதற்கு முன் இதில் நிலக்கரி ஆள் யாராவது படுத்தாரா என்று கேட்கிறார்களாம். அந்தத் தொல்லை தாங்காமல் முதலாளி எல்லாப் பெட்டிக்கும் பூட்டு மாற்றிவிட்டாராம். சூரியன், காற்று, நீர், இந்த மூன்றில்தான் ஓடும். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்கலாமா என்றால் அதுவும் ஆகாது. ரேகை மீட்டர் வாசலைத் தாண்டிப் போகிற வயரை மோப்பம் பிடித்து வெட்டிவிடும்.

"ரெண்டே வழிதான் சார்," என்றார் வீரபாபு. "ஒண்ணு, கீழ பொது ஹால்ல வைக்கணும். இல்ல, சுத்த லைன் வூடு எதுனா ஒண்ணுல உள்ள வைக்கணும்."

இரண்டாவது வழியைச் சொல்லும்போது தேவநாதன் பேப்பரில் ஏதோ பொருளாதாரச் செய்தியை உன்னிப்பாகப் படிக்கத் தொடங்கியிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

சங்கக் கூட்டம் கீழே ஹாலில் உடனே கூடியது. தலைவர் பார்த்திபன் சூரியத் தகடு வியாபாரி; சின்ன வயது, மெதுவாகப் பேசுவார், யாரையும் புண்படுத்தாமல் எல்லாவற்றையும் மறுக்கத் தெரிந்தவர். குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளுக்கு அவர்தான் தகடு விற்றிருந்தார். வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். குழந்தைகள் விளையாடுகிற ஹால் என்றார் ஒருவர். இன்றைக்குப் பெட்டி, நாளைக்கு அவர்கள் வீட்டு வாஷிங் மெஷினும் வரும் என்றார் இன்னொருவர். மூன்றாம் மாடி அம்மாள், தனக்கு இறந்தவர் மேல் எந்த வெறுப்பும் இல்லை என்றும், அவர் இருமும்போது மட்டும்தான் இருந்தது என்றும் நியாயமாகவே பேசினார்.

ஞானதுரையின் மனைவி லீதியாள் படியிறங்கி வந்து ஓரமாக நின்றார். உட்காரச் சொல்லி யாரும் நாற்காலி போடவில்லை. அவராகக் கேட்கவும் இல்லை.

பார்த்திபன் தேவநாதனை விதியை வாசிக்கச் சொன்னார். தேவநாதன் வாசித்தார். நல்ல விதி. உபகரணம், சாதனம், இணைப்பு, துணை இணைப்பு, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ என்று எதையும் விடவில்லை. வாசித்து முடித்ததும் லீதியாள் கேட்டார்.

"இதுல மனுசன்னு எங்கயாச்சும் வருதா சார்?"

தேவநாதன் தாளை மறுபடி பார்த்தார். வரவில்லை.

பார்த்திபன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வழி சொன்னார். அம்மா மனம் வைத்தால் சங்கமும் மனம் வைக்கும். நிலக்கரி லைனை விட்டுவிட்டு சூரிய லைனுக்கு மாறுவதாக இப்போதே எழுதிக் கொடுத்தால் போதும். அந்த நிமிஷமே பெட்டியை ஹாலில் வைத்துவிடலாம். தகடுகூட அவரே பாதி விலையில் போட்டுத் தருவார். "உங்க வீட்டுக்காரரைக் கொன்னதே அந்தக் கரிதானேம்மா," என்று இன்னும் மெதுவாகச் சொன்னார். "அதுக்கு ஏன் இன்னும் விசுவாசம்?"

லீதியாள் ஓரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தார்.

"எனக்குச் சொல்லுதீகளா?" என்றார் லீதியாள். "கரைப்பட்டினம் அனல் நிலையத்துல சாம்பல் பிரிவுல கெடந்தாவ அவிய. வீட்டுக்கு வந்தா தலைகாணி கறுப்பு. துண்டு கறுப்பு. துப்புன சளியக் கழுவுனவ நான். அந்த நெலையத்துல ஒத்த யூனிட்டுதான் இப்ப ஓடுது. லைன் வச்சிருக்க வீடு கொறயக் கொறய அதையும் மூடிருவாங்க. மூடுனா அங்க முந்நூறு குடும்பம் நடுத்தெருவுல. போற வரைக்கும் நம்ம வீடாச்சும் இருக்கட்டும்னாவ. நான் சண்டை போட்டேன். அழுதேன். கேக்கல."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நான் அந்த லைன வெறுக்கேன் சார். ஆனா அது என் வெறுப்பு. ஒங்க வெறுப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். நிலக்கரி வீட்டுக்காரர்களுக்கு லிஃப்ட் நிற்காது. போகிற சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கேட்டது. கூட்டத்தில் யாரோ, பாவம், படிக்காதவங்க, என்றார்கள். லீதியாள் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர் என்பது தேவநாதனுக்குத் தெரியும். சொல்லவில்லை. கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். விதி பொது மின்சாரத்தைப் பற்றி மட்டும்தான் பேசியது. ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் யாருடைய பெட்டியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தன் எழுத்தில் முதல் தடவையாக ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார் தேவநாதன். அது அவர் வீட்டு வாசல் அளவில் இருந்தது.

வீட்டுக்குள் போனால் மனைவி வத்சலா ஸ்டூல் மேல் ஏறிப் புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். புனேயில் வேலை பார்க்கிற மகன் பிரணவுக்கு, அலைந்து திரிந்து அமைந்த வரன். மலையடிவாரத்து ஊர். நீர் லைன். காற்று லைன் வீட்டுக்கு நீர் லைன் இறங்கி வருவது சாதாரண விஷயமா? வத்சலா ஒரு வாரமாக ரேகை மீட்டரைத் துடைத்துத் துடைத்து அதில் எண்ணே தேய்ந்துவிடும்போல் இருந்தது.

தேவநாதன் விஷயத்தைச் சொன்னார். நேராகச் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரி எடுக்கவில்லை, சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, வயர் இழுக்க முடியாது என்று ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்து, மிஞ்சிய கதவின் முன்னால் நிறுத்தினார். வத்சலா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அங்கிருந்தே, உங்களுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்றாள். பெற்ற பிள்ளைக்கு இதுவரை ஒரு நல்லது செய்திருக்கிறீர்களா என்றாள். அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை பேசியதுண்டா, இப்போது என்ன பொத்துக்கொண்டு வருகிறது என்றாள். மூன்றும் நியாயமான கேள்விகள்தான். அவர் கம்பெனியில் வேலை பார்த்த காலத்திலும் இப்படித்தான். எதிராளி கேட்கிற கேள்வியெல்லாம் சரியாகவே இருக்கும்.

"நானும் வேணாம்னுதான் நெனைக்கிறேன்," என்றார். "நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன். ஆனா அந்த அம்மா பேப்பரால விசிறிக்கிட்டு இருக்காங்க, வத்சலா. விசிறி ஓடுது. இருந்தும் விசிறிக்கிட்டு இருக்காங்க."

வத்சலா திரைச்சீலையின் அடுத்த வளையத்தைக் கம்பியில் கோத்தாள். தேவநாதன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. சம்மதம் இல்லாமலேயே எதிர் வீட்டுக்குப் போனார். கல்யாணம் ஆன நாளாக அப்படிச் செய்தது கிடையாது.

பெட்டி நடைபாதையில் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்து வீரபாபு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே லீதியாள் நிமிர்ந்து பார்த்தார்.

"சங்கம் அனுப்புச்சா?"

"இல்லம்மா. சங்கத்துக்குத் தெரியாது. தெரிஞ்சதும் என்னைத் தூக்கிருவாங்க."

"என்னத்துல கையெழுத்துப் போடணும்?"

"ஒண்ணுலயும் வேணாம். எங்க வீட்டு ஹால்ல வச்சுக்கலாம். காத்து லைன். இப்ப சீசன் வேற, நல்லா ஓடும்."

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னோம் என்று தேவநாதனுக்குத் தெரியவில்லை. ஃபிரிட்ஜ் விற்கிறவன் மாதிரி இருந்தது. லீதியாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரக்கமில்லாத பார்வை.

"ஒரு கிறிஸ்மஸுக்கு அவிய ஒங்களுக்குக் கேக்கு கொண்டாந்தாவ. வாசல்லயே வாங்கி, வாட்ச்மேனுக்குக் குடுத்தீக."

மறுக்க முடியவில்லை. "கேக் நல்லா இருந்துச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரும்மா," என்று அவர் வாயிலிருந்து வந்தது.

வீரபாபு போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். லீதியாள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கணவரின் நெற்றியில் கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

"ஜெபா வந்து மொகத்தப் பாக்கணும். அதுக்காவ வாரேன். ஒங்களுக்காவ இல்ல."

நடைபாதையைக் கடக்க நாலடிதான். அந்த நாலடியில் தூக்கிக்கொண்டு வந்தபோது தேவநாதன் கால்மாட்டில் பிடித்திருந்தார். ஞானதுரை எடையே இல்லாமல் இருந்தார். பெட்டியை உள்ளே வைத்துப் பிளக்கைச் செருகியதும் பச்சை விளக்கு வந்தது. குளிர் காற்றின் மெல்லிய இரைச்சல் ஹாலை நிறைத்தது.

வத்சலா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று வந்து, இப்போதுதான் மாட்டிய திரைச்சீலைகளைக் கழற்றினாள். ஊதுவத்திப் புகை பிடித்துக்கொள்ளும் என்றாள், யாரையும் பார்க்காமல். சோபாவைத் தானே இழுத்துச் சுவரோரம் போட்டாள். உதவிக்கு வந்த தேவநாதனின் கையைத் தட்டிவிட்டாள். பிறகு உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து, லீதியாளின் பக்கத்தில் தரையில் டக்கென்று வைத்தாள். ஆறிடும், குடிங்க, என்றாள். அந்த இரண்டு சொல்லிலும் அன்பு துளியும் இல்லை. காபி மட்டும் திக்காக இருந்தது.

குடியிருப்பு விழித்துக்கொண்டது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தேவநாதன் நீக்கப்பட்டார். நீக்குவதற்கு முன் வந்த செய்திகளை வத்சலா தன் போனிலிருந்து வாசித்துக் காட்டினாள், ஒன்றைக்கூட விடாமல், நல்ல உச்சரிப்போடு. மூன்றாம் மாடி அம்மாள் மேலேயிருந்து வரும் குளிர் தன் கூரை வழியாக இறங்குவதாக எழுதியிருந்தார். பார்த்திபன் நேரிலேயே வந்தார். வாசற்படிக்கு வெளியே நின்று, சார், உங்க மேல எவ்வளவு மரியாதை வச்சிருந்தேன் தெரியுமா, என்று உண்மையான துயரத்தோடு சொன்னார். அவர் கண்கூடக் கலங்கியது. பெட்டியின் பக்கம் மட்டும் கடைசி வரை பார்க்கவில்லை. சாயங்காலம் தேவாலயத்திலிருந்து ஏழெட்டுப் பேர் மூச்சு வாங்கப் படியேறி வந்து கீர்த்தனை பாடினார்கள். தேவநாதன் எங்கே நிற்பது என்று தெரியாமல் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி மூலையில் நின்றார்.

பெண் வீட்டாரிடம் தள்ளிப்போடச் சொல்லலாம் என்று போன் செய்தபோது அவர்கள் கிளம்பிப் பாதி வழி வந்திருந்தார்கள். மறுநாள் காலை பெண்ணின் அப்பா சபாநாயகமும் அவர் மனைவியும் பழத்தட்டோடு வந்து வாசலில் நின்றார்கள். முறைப்படி முதலில் ரேகை மீட்டரைப் பார்த்தார் சபாநாயகம். திருப்தி. பிறகு உள்ளே பார்த்தார். ஹால் நடுவில் பெட்டி. தலைமாட்டில் சிலுவை, மெழுகுவர்த்தி, தலைவிரிகோலமாக ஒரு அம்மாள்.

மனைவி அவர் கையைப் பிடித்தார். சபாநாயகம் நிதானமான மனிதர். செருப்பைக் கழற்றாமல் கேட்டார்.

"பெட்டி எந்த லைன்ல ஓடுது?"

"காத்துதான்," என்றார் தேவநாதன்.

"அப்ப சரி."

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரோர சோபாவில் உட்கார்ந்தார். பழத்தட்டை எங்கே வைப்பது என்று பார்த்து, மடியிலேயே வைத்துக்கொண்டார். தேவநாதனுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதரின் தாத்தா இப்படி ஒரு வீட்டைக் கண்டிருந்தால் தெருமுனையிலேயே திரும்பி, கிணற்றடியில் தலை முழுகியிருப்பார். பேரன் பெட்டிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து காபி குடிக்கிறார். காலம் முன்னேறத்தான் செய்திருக்கிறது.

சபாநாயகம் குரலைத் தாழ்த்தி, யார் என்று கேட்டார். எதிர் வீட்டுக்காரர் என்றார் தேவநாதன். நல்ல மனசு சார் உங்களுக்கு, என்றார் சபாநாயகம். ஒரு வாய் குடித்தார். அப்புறம் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"எதிர் வீடுன்னா, அவங்க வீட்டுலயே வைக்கலாமே?"

பதில் சொல்ல தேவநாதனுக்கு எத்தனையோ வழி இருந்தது. இடம் பத்தாது, பெயிண்ட் அடிக்கிறார்கள், மீட்டர் பழுது. காரணம் எழுதிப் பிழைத்தவருக்குக் காரணத்துக்கா பஞ்சம்? லீதியாள் தலை நிமிரவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் ஞானதுரையும் கேட்டுக்கொண்டிருந்த மாதிரிதான் தேவநாதனுக்குத் தோன்றியது.

"அவங்க நிலக்கரி லைன்," என்றார்.

சபாநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி இருந்தது. சத்தமில்லாமல் எழுந்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குப் போய்ப் பேசுகிறோம் என்றார். பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி, வாசலில் செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. புனேக்குப் போன் போட்டபோது பிரணவ், சரிப்பா, என்றான். அந்தச் சரிப்பாவை தேவநாதன் இன்னும் பல வருஷம் கேட்டுக்கொண்டிருப்பார்.

வத்சலா பாதிக் காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிங்க்கில் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து லீதியாளின் எதிரில் நின்றாள். தேவநாதன் பயந்துபோனார்.

"நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க," என்றாள். "எந்திரிங்கக்கா. ரெண்டு இட்லி வைக்கிறேன்."

ஜெபக்கனி அதற்கடுத்த நாள் காலையில் வந்தாள். பையைத் தன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்துக் குழம்பி, எதிர்ப்புறம் திரும்பினாள். வீரபாபு மூடியைத் திறந்தார். அவள் அப்பாவின் கன்னத்தில் கை வைத்தாள். எடுக்கவில்லை. அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "சவரம் பண்ணி விட்டிருக்கீங்களேம்மா," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். பண்ணிவிட்டது தேவநாதன். முந்தின நாள் மத்தியானம், அவர் கேட்காமலேயே லீதியாள் ரேசரை எடுத்துக் கொடுத்திருந்தார். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் மகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். டாக்ஸி வரை பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார் தேவநாதன். லீதியாள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"நான் நன்றி சொல்ல மாட்டேன் சார். சொன்னா நீங்க செஞ்சது ஏதோ பெரிசுன்னு ஆயிரும்."

தேவநாதன் தலையாட்டினார். அது நியாயமாகத்தான் பட்டது.

ஆளில்லாத வீட்டின் லைன் தானாக அறுந்தது. கரைப்பட்டினத்தின் கடைசி யூனிட்டை நிறுத்தப் போகிறார்கள் என்று இரண்டு மாதம் கழித்துப் பேப்பரின் உள்பக்கத்தில் சின்னதாகச் செய்தி வந்தது. காற்றுக்கு நல்லது. முந்நூறு குடும்பம் எங்கே போகும் என்று அதில் இல்லை. வாசலில் 'நிலக்கரி இல்லா வளாகம்' என்று பார்த்திபன் பலகை மாட்டினார். லட்டு கொடுத்தார்கள். தேவநாதன் வீட்டுக்கும் ஒன்று வந்தது. வத்சலா அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாள்.

லட்டு செரிப்பதற்குள் புதுச் சுற்றறிக்கை வந்தது. கீழ்ப்படி காலியானால் ஏணியில் ஒரு படி குறையும் என்று தேவநாதன் நினைத்திருந்தார். அப்படி ஆகவில்லை, அடுத்த படி கீழ்ப்படி ஆனது. காற்றாலை இறக்கைகளில் அடிபட்டு ஆயிரக்கணக்கான பறவைகள் சாகின்றனவாம். போதாததற்கு, இந்த வளாகத்தில் குறிப்பிட்ட ஒரு காற்று லைனில் நிலக்கரிக்காரர் ஒருவர் இரண்டு நாள் வைக்கப்பட்டிருந்தார். ஆகவே காற்று லைன், அத்துடன் போன மாதம் இரண்டாம் மாடிக்குக் குடிவந்த அணு லைன், ஆகிய வீடுகளின் உபகரணம், சாதனம், இணைப்பு, துணை இணைப்பு எதுவும் பொது மின்சாரத்தில் கூடாது. தேவநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார். நல்ல நடை என்று தோன்றியது.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த வத்சலா கேட்டாள்.

"ஏங்க. நாளைக்கு நம்மள்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா, எந்த வீட்டுல வைப்பாங்க?"

தேவநாதன் மனதுக்குள் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கிப் பார்த்தார். எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. மற்றக் கதவுகளை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றையும் எப்படிச் சாத்துவது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். எங்கே என்று வத்சலா கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றார்.

இரண்டாம் மாடியில் அணு லைன் வீட்டு மணியை அடித்தார். அந்த வீட்டுக்காரர்கள் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கதவு நாலு விரற்கடை திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண். இவரை அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் இறுகியது.

"என்ன சார், அடுத்த விதியா?"

"இல்லம்மா. இப்ப நான் செயலாளர் இல்ல." மேற்கொண்டு என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. "சும்மா வந்தேன். காபி இருந்தா குடிச்சிட்டுப் போகலாம்னு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேஸ் கசிகிற வாடை வந்தால் பார்க்கிற மாதிரி. உள்ளே போனாள். சங்கிலியை எடுக்கவில்லை. கதவையும் சாத்தவில்லை.

தேவநாதன் நின்றார். மாடியில் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் உருண்டது. குழந்தை எதற்கோ சிணுங்கி அடங்கியது. வெகுநேரம் கழித்து, சங்கிலி விட்ட இடைவெளியில் ஒரு டம்ளர் சாய்ந்து சாய்ந்து, கொஞ்சம் சிந்தி, வெளியே வந்தது.